ஒரு மாதிரி இருக்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குள் எனக்கு இரண்டு மாரடைப்பும் ஒரு குடல்வால் வீக்கமும் வந்து போயிருந்தன. மூன்றில் ஒன்றைத்தான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது மாரடைப்பை வாயுத் தொல்லை என்று முடிவுகட்டிய பையனின் அப்பா, ஈரோட்டில் பெரிய இதய டாக்டர்.

என் வேலை அப்படி. திருச்செங்கோடு சாலையில் இருக்கும் விடியல் மருத்துவ நுழைவுப் பயிலகத்தில் நான் ஓர் உடம்பு. நியமனக் கடிதத்தில் 'செய்முறைத் துணையாளர்' என்று கௌரவமாகப் போட்டிருந்தது. அதற்கப்புறம் யாரும் அந்தக் கௌரவத்தைத் தொடரவில்லை. "இன்னிக்கு மத்தியானம் மாணவர் இருநூறு, உடம்பு பதினாறு" என்றுதான் மெஸ்ஸுக்கு ஆள்கணக்கு போகும்.

அன்றைக்கு ராசிபுரத்திலிருந்து ஒருவர் தன் மகனைச் சேர்க்க வந்திருந்தார். இயக்குநர் குழந்தைவேல் சார் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிறுத்தி என்னைக் காட்டினார். நான் படுக்கையில் வேர்த்துப்போய்க் கிடந்தேன்.

"அந்தத் தம்பிக்கு நெசமாவே வலிக்குமுங்களா?"

"நெசமா வலிக்குமுங்க. ஆனா நோய் இல்லீங்க. ஆஸ்பத்திரில நோயாளிக்கு வர்ற வலிய நரம்புல இருந்து அப்படியே பதிவு பண்ணித் தேர்வு வாரியம் ஒரு நூலகமே வெச்சிருக்குதுங்க. நெத்தில அந்தப் பட்டையக் கட்டி உட்டா, அந்த வலி இவனுக்குள்ள ஓடும். பாட்டு ஓடற மாதிரி. நிறுத்துனா நின்னுரும்."

"அப்ப நம்ம பையன் என்னங்க பண்ணோணும்?"

"ஏழு நிமிசம் குடுப்பாங்க. உடம்புகிட்ட கேட்டு, தொட்டுப் பாத்து, என்ன பண்ணோணும்னு டேப்லெட்ல அமுக்கோணும். இப்பல்லாம் எழுத்துப் பரீட்சை மார்க்க மட்டும் வெச்சு ஒண்ணும் நடக்காதுங்க. செய்முறைல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு இருந்தாத்தான் மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பமே போட முடியும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தம்பியும் டாக்டருக்குப் படிக்குதுங்களா?"

"படிச்சுட்டே இருக்கான்" என்றார் குழந்தைவேல் சார். "நாலு வருசமா."

உண்மைதான். நாற்பத்திரண்டு நோய்களை எனக்கு உள்ளேயிருந்து தெரியும். சிறுநீரகக் கல் எந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தால் கொஞ்சம் இரங்கும் என்பதுவரை தெரியும். இயற்பியலில் மட்டும் என்னைத் தேற்ற ஆளில்லை. எழுத்துத் தேர்வில் இயற்பியல் என்னை மூன்று முறை வெளியே அனுப்பியது. மூன்றாவது முறை குழந்தைவேல் சார், "போறதே போற, உடம்பா இருந்துட்டுப் போ, பரிதி" என்றார். இளம்பரிதி என்ற என் பெயரைச் சொல்லி அங்கே கூப்பிடுகிறவர்கள் அவரும் ஜெனிபர் அக்காவும்தான். ஜெனிபர் அக்கா கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து யாருக்கு எந்த வலி என்று ஓட்டுகிறவர்.

நிறுத்தினால் நின்றுவிடும் என்று சார் சொன்னது முக்கால்வாசி உண்மை. வலி போன பிறகும் அதன் மிச்சம் கொஞ்ச நேரம் உடம்பில் ஆடிக்கொண்டிருக்கும். நாங்கள் அதை 'வால்' என்போம். மாரடைப்புக்குப் பத்து நிமிடம் வால். ஒற்றைத் தலைவலிக்கு ஒரு மணி நேரம். உடம்பு வேலையில் ஓராண்டு தாண்டியவர்களுக்கு எது வால், எது தன் சொந்தத் தலை என்பது அவ்வளவு உறுதியாகத் தெரியாது. எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

நோயாளி பேசுவதைக் கேட்டு மார்க் போடுவதற்கு வாரியம் ஓர் இயந்திரத்தை வைத்திருக்கிறது. அரசுக் கோப்புகளைப் படித்து வளர்ந்த இயந்திரம். கோப்புகளில் மாதிரி என்றால் ஒரே பொருள்தான்: நீர் மாதிரி, மண் மாதிரி, சிறுநீர் மாதிரி. ஆகவே ஒரு மனிதன் படுத்துக்கொண்டு "எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால், அவனிடம் மாதிரி ஒன்று கைவசம் இருப்பதாக அது புரிந்துகொள்ளும். அடுத்து மாணவர் 'ஆய்வகத்துக்கு அனுப்புக' என்று அமுக்கினால் நூற்றுக்கு நூறு.

நான் விளையாடவில்லை. யாரோ மனுப் போட்டுக்கூடக் கேட்டார்கள். வாரியம் பதில் அனுப்பியது: விடைக்குறிப்பு இறுதியானது, இப்போது திருத்தினால் இதே விடையை அளித்து ஏற்கெனவே மருத்துவம் பயின்றுவருவோர் மனம் புண்படும்.

அதற்குமேல் பயிலகங்கள் என்ன செய்யும்? பாடமாக்கிவிட்டன. விடியலில் காலை வழிபாடு முடிந்ததும் குழந்தைவேல் சார் மைக்கில் கத்துவார்: "நோயாளிக்கு ஒரு மாதிரி இருக்கு!"

இருநூறு பேரும் கத்துவார்கள்: "லேப்புக்கு அனுப்பு!"

ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அவள் பெயர் சௌடேஸ்வரி. குமாரபாளையம். அம்மா தறி ஓட்டுகிறார். எழுத்துத் தேர்வில் மாநில அளவில் வருகிற தலை. இயற்பியல் அவளுக்கு வாழைப்பழம். செய்முறையில் மட்டும் எண்பத்தி நாலு, தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு. காரணம் எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் படுத்திருந்தவன் நான்.

"ஒரு மாதிரி இருக்கு" என்பேன்.

"எந்த மாதிரிங்ணா?" என்பாள்.

டேப்லெட் உடனே குரல் கொடுக்கும்: தேவையற்ற கேள்வி, மைனஸ் ஐந்து.

"கொமட்டற மாதிரிங்களா, படபடங்கற மாதிரிங்களா?"

மைனஸ் பத்து.

மூன்றாவது முறை இது நடந்தபோது பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, டீ இடைவேளையில் அவளைத் தேடிப் பிடித்தேன்.

"இந்தா சௌடி, உனக்குக் காது கேக்காதா? ஒரு மாதிரின்னா லேப். எல்கேஜிக் கொழந்தை சொல்லும்."

"எங்கம்மா ஒரு மாதிரி இருக்குதுன்னு சொன்னா அதுக்கு நாலு அர்த்தமுங்ணா" என்றாள். "பசி, தலைவலி, எங்கப்பா மேல கோவம். நாலாவது, மாசத்துக்கு ஒருக்கா வர்றது. எதுன்னு கேக்காம எப்புடிங்ணா?"

"உங்கம்மா என்ன கேஸ் நம்பரா? உனக்கு மார்க் போடறது உங்கம்மாவா?"

"தப்புன்னு தெரிஞ்சுட்டே எப்புடி அமுக்கறது?"

"தப்புன்னு தெரிஞ்சா மனசுல வெச்சுக்க. வெரல்ல வேண்டாம்."

குழந்தைவேல் சாரிடமும் போய் நின்றாளாம். அவர் தலையைத் தடவிக்கொடுத்து, "கேள்வி கேக்கறதெல்லாம் டாக்டர் ஆனதுக்கப்பறம் வெச்சுக்கலாம் கண்ணு. மொதல்ல ஆவு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கடைசி மாதிரித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. (அந்த மாதிரி வேறு மாதிரி. தமிழில் படிப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.) வாரியத்தின் பார்வையாளர் வந்து உட்கார்வார், அன்றைய மார்க்தான் விண்ணப்பத்தோடு போகும். அன்று தொண்ணூற்றைந்து வராவிட்டால் சௌடிக்கு இன்னொரு வருடம். இன்னொரு வருடத்துக்கு அவள் வீட்டில் தயாராக இல்லை. மாமா வீட்டில் பையன் ஒருவன் தயாராக இருந்தான்.

அதனால் நானே அவளுக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவுசெய்தேன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் காலியான வகுப்பறையில், கையில் மர ஸ்கேலோடு.

"ஒரு மாதிரி இருக்கு."

"எந்..."

டப் என்று மேஜையில் ஒரு அடி. "லேப்!"

"சரிங்ணா. லேப்பு."

"ஒரு மாதிரி இருக்கு."

"எப்ப இருந்..."

டப்.

முதல் வாரம் ஒரு ஸ்கேல் உடைந்தது. இரண்டாம் வாரம் அவள் கேட்பதை நிறுத்தினாள், ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். அதையும் நிறுத்தவைத்தேன். நாலாம் வாரம் புருவத்தைச் சுளித்தாள். சுளிப்பதற்கு மார்க் குறைக்கமாட்டார்கள் என்றாலும் அதையும் விடவில்லை. எனக்கு வந்த எரிச்சல் அப்படி. புத்திசாலிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி அக்கிரமம் வேறில்லை. ஆறாம் வாரம், நான் வாயைத் திறந்து 'ஒரு' என்னும்போதே அவள் விரல் மேஜையில் லேப்பை அமுக்கியது. கண்ணில் ஒன்றும் இல்லை. நான் பெருமைப்பட்டேன்.

அந்த ஆறாம் வாரம் எனக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. முந்தின நாட்களில் நாலு டெங்கு கேஸ் ஓட்டியிருந்தார்கள். வால் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை. சௌடியோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். எந்த கேஸ் ஓடினாலும் உடம்பு தன் சொந்த வார்த்தையில் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. ஆகவே அவள் உள்ளே வரும்போது எனக்குக் கால் ஒடிந்திருந்தாலும் நான் "ஒரு மாதிரி இருக்கு" என்றே சொல்வேன். அவள் லேப்பை அமுக்குவாள். நூறு.

அவளுடைய நேரம் பதினொன்று நாற்பது. அதற்குச் சற்று முன்னால் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. ஜெனரேட்டருக்கு மாறியிருக்கும். ஜெனிபர் அக்கா கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பார்வையாளர் மூலையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு சௌடி வந்து நின்றாள்.

அப்போது அது ஆரம்பித்தது. நெஞ்சுக்குள், இடது பக்கமாக. எனக்குப் பழக்கமான எந்த வலியும் இல்லை. மாரடைப்பென்றால் ஏறி உட்காரும். இது உட்காரவில்லை, இடம் தேடியது. புது கேஸ் போலிருக்கிறது, வாரியம் கடைசி நாளுக்கென்று எடுத்துவைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றாள் சௌடி.

"ஒரு மாதிரி இருக்கு" என்றேன். நடிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அவள் விரல் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். இரண்டு வாரமாகக் காணாமல் போயிருந்த அந்தச் சுளிப்பு புருவத்தில் வந்தது. வாய் திறந்தது.

நான் முறைத்தேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படி முறைத்ததில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு லேப்பை அமுக்கினாள். டேப்லெட் பச்சையாக எரிந்தது. நூற்றுக்கு நூறு, நாற்பது நொடியில். பார்வையாளர் முறுக்குக் கையோடு 'சிறப்பு' என்று குறித்துக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். சௌடி கதவருகே போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள், இரண்டு சுளுக்கும் ஒரு காதுவலியும். அவை வந்தன, போயின. நெஞ்சில் இருந்தது மட்டும் போகவில்லை. தேர்வு முடிந்து பார்வையாளர் கிளம்பியதும் ஜெனிபர் அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"பரிதி, ஒரு பிரச்சினைடா. கரண்ட் போச்சுல்ல, அதுல நூலகம் நின்னுடுச்சு. பதினொண்ணு முப்பத்தெட்டுல இருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் உனக்கு ஒண்ணுமே ஓடல."

"ஓடுச்சுக்கா. நெஞ்சுல."

"ஓடலடா. நான் மெஷின் பதிவைப் பாத்துட்டுதான் சொல்றேன்."

"அப்ப எனக்கு வந்தது?"

"அதுக்கு முந்தின கேஸோட வாலா இருக்கும்."

"முந்தின கேஸ் கணுக்கால்க்கா."

ஜெனிபர் அக்கா என் நெற்றிப் பட்டையைக் கழற்றினார்.

"சரி, அதை விடு" என்றார், விடாத குரலில். "அந்த நேரத்துல வந்தது குமாரபாளையத்துப் பொண்ணு. கேஸ் ஓடாத தேர்வு செல்லாது. மறுதேர்வு வைக்கச் சொல்லி எழுதணும்."

"எழுதினா?"

"பார்வையாளர் அடுத்த ஊருக்குப் போயாச்சு. விண்ணப்பம் அஞ்சு மணிக்கு மூடிடும்."

"ஏதாவது ஒரு கேஸ் நம்பர் போடுங்கக்கா. ஓடுச்சுன்னு."

"பொய் எழுதச் சொல்றியா?"

"ஒரு மாதிரின்னா என்னன்னே தெரியாம ஒரு வாரியமே மார்க் போட்டுட்டு இருக்கு. நீங்க ஒரே ஒரு நம்பர் எழுதறதுதான் பொய்யாக்கா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நாலு இலக்கம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இப்ப நீ ஆஸ்பத்திரிக்குப் போ. போய்ட்டு எனக்கு போன் பண்ணு" என்றார்.

ஷேர் ஆட்டோவில் போனேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரை எங்கோ பார்த்த ஞாபகம். யோசித்தபோது தெரிந்தது, எங்கள் பயிலக வாசல் ஃப்ளெக்ஸில் இரண்டாவது வரிசை.

"என்ன பண்ணுது?"

நாற்பத்திரண்டு நோய்களுக்கும் என்னிடம் சொல் இருந்தது. எல்லாம் மற்றவர்கள் பட்டு, மற்றவர்கள் சொல்லி, நான் மனப்பாடம் செய்தவை. இதற்கு கேஸ் நம்பரும் இல்லை, மனப்பாடம் செய்ய அட்டையும் இல்லை.

"ஒரு மாதிரி இருக்கு, டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மேஜையில் ஓர் இடத்தை மெல்ல அமுக்கியது. "மாதிரிய லேப்ல குடுத்துட்டு வாங்க."

போனேன். வேறென்ன செய்வது? ஆய்வக ஜன்னலில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார்.

"சேம்பிள் எங்கப்பா?"

"நான்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே திரும்பி "ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தினார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அந்த வகையில் பார்த்தால், லேப்புக்கு அனுப்பியது சரியான விடைதான்.

இதயத் தசையில் வீக்கம். காய்ச்சலோடு வந்த கிருமி அங்கே போய்த் தங்கியிருக்கிறது. காய்ச்சலை ஏன் கவனிக்கவில்லை என்று பெரிய டாக்டர் கேட்டார். வேறு யாருடைய காய்ச்சலோ என்று நினைத்தேன் என்றேன். அவர் மனநலப் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சௌடி வந்தாள். ஒரு கையில் சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில் கல்லூரி ஒதுக்கீட்டுக் கடிதம். அரசுக் கல்லூரி. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"உங்களாலதானுங்ணா" என்று பையை வைத்தாள். "அம்மா கும்பிடறேன்னு சொல்லச் சொல்லுச்சு. இப்பப் பரவால்லீங்களா?"

"மாடி ஏறக்கூடாதாம். இயற்பியலும் படிக்கக்கூடாதுன்னு எழுதித் தரக் கேட்டிருக்கேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். அவளிடம் இந்தக் கெட்ட பழக்கம் எப்போதும் உண்டு.

"ஆரம்பிச்ச தேதி வெள்ளிக்கெழமை" என்று வாய்விட்டுப் படித்தாள். "பதினொண்ணு நாப்பது."

நான் சாத்துக்குடியை உரித்தேன்.

"பதினொண்ணு நாப்பது என்னோட நேரமுங்ணா."

"நம்மூர் கடிகாரமெல்லாம் முன்னப்பின்னதான் ஓடும்."

"அன்னிக்கு எனக்கு எந்த கேஸ் ஓடுச்சு?"

பதில் சொல்ல எனக்கு ஒரு விநாடி அதிகமாகப் பிடித்தது. அவளுக்கு அது போதும். அட்டையைத் திரும்ப மாட்டினாள். மூன்று முறை மாட்டினாள்; கொக்கியில் நிற்கவில்லை.

"கேக்கத்தான் வாயத் தொறந்தேன்."

"தெரியும்."

"நீங்கதான மொறச்சீங்க?"

"நான்தான் மொறச்சேன்."

"இத நான் வாரியத்துக்கு எழுதிக் குடுத்தர்றேங்ணா. இந்த சீட்டு எனக்கு வேண்டாம்."

"எழுதிக் குடு. ஜெனிபர் அக்காவுக்கு வேலை போகும். உன் சீட்டு அடுத்து இருக்கறவனுக்குப் போகும். அவன் யாரு தெரியுமா? மாரடைப்ப வாயுன்னு சொன்னவன். அவனும் லேப்தான் அமுக்கினான்."

"அவன் அமுக்கும்போது யாரும் நெசமாப் படுத்திருக்கலீல்ல?"

எரிச்சலாக வந்தது. ஆறு வாரம், ஒரு ஸ்கேல், என் இதயத்தில் கொஞ்சம், எல்லாவற்றையும் செலவழித்து இவளுக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால், வேண்டாம் என்கிறாள்.

அவள் அழுதாள். மூக்கைத் துடைத்தாள். கடிதத்தை நாலாக மடித்துச் சாத்துக்குடிப் பையில் பழங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லுங்ணா. எந்த மாதிரி இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு? அதான் கண்டுபிடிச்சாச்சே."

"சொல்லுங்க."

சொன்னேன். முதலில் சரியாக வரவில்லை. ஈரப் போர்வையை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிழிவது போல என்றேன். இல்லை, அதுகூட இல்லை, பிழிந்து முடித்த போர்வையை உள்ளே எங்கே காயப்போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நிற்பது போல. அவள் குறுக்கே பேசவில்லை. மூச்சு இழுத்தால் அதிகமானதா, குனிந்தால் குறைந்ததா, பயமாக இருந்ததா என்று மட்டும் கேட்டாள். பயமாக இருந்தது என்றேன். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்தான். வேறு யாருடைய வலியாகவும் இல்லாமல் அது முழுக்க என்னுடையதாக இருந்ததை, சொல்லிமுடித்த பிறகுதான் உணர்ந்தேன். வெயில் ஜன்னலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருந்தது.

அவள் போன பிறகு நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்க்க வந்தார்.

"எந்த டாக்டரம்மாப்பா அது? நம்ம யூனிட்ல நான் பாத்ததில்லையே."

"டாக்டர் இல்லீங்க சிஸ்டர். காலேஜ்லயே இனிமேதான் சேரணும். அதுகூட சேர்றாளோ என்னவோ."

"அதான பாத்தேன்" என்று கையில் பட்டையைச் சுற்றினார். "இவ்வளவு நேரம் உக்காந்து கேக்கறாங்களேன்னு."